அவளுடைய அரை மணி

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தபால்வழிப் பட்டத் தேர்வு. மேற்பார்வை என்னுடையது. வீட்டுக்குள் நுழைவதுபோல் செருப்பை வாசலில் விட்டு வந்தாள் ஒரு பெண். பார்த்தால் பதினாறு வயதுதான் சொல்லலாம். ஆள்மாறாட்டம் என்று விடைத்தாளைப் பிடுங்கினேன்.

"அக்காவுக்கு எழுத வந்தியா?"

"எனக்கு அக்கா இல்ல சார். ஸ்கூலுக்குப் போவல, வீட்லயே படிச்சேன். பி.ஏ.வுல இதான் கடைசிப் பேப்பர்."

அது உண்மையென்று அலுவலகம் சொல்ல அரை மணியானது. தாளைத் திருப்பித் தந்தேன்; மன்னிப்புக் கேட்கவில்லை.

மணி அடித்ததும் மற்றவர்கள், "ரெண்டே நிமிஷம் சார்" என்று கெஞ்சினார்கள். விட்டேன். அவள் பாதி வாக்கியத்தில் பேனாவை மூடித் தாளை நீட்டினாள்.

கெஞ்சப் பழக்குகிற பள்ளிக்கு அவள் போகவில்லை. கெஞ்சாதவளுக்கு அவள் நேரத்தைக் கொடுக்க, இத்தனை படித்த எனக்குத் தெரியவில்லை.