பூதலூர் நெடுமாறன்

திருக்காட்டுப்பள்ளியில் சூர்யபிரகாஷ் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 'தண்ணிவந்தாச்சா தம்பி' என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கல்லூரியில் படிக்கும்போது அவன் தொடங்கிய இணையதளத்தின் பெயர் அது. மேட்டூர் திறந்தபின் எந்த ஆற்றில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது, எந்த வாய்க்காலுக்கு எப்போது முறை என்பதையெல்லாம் அந்தந்த ஊர்க்காரர்களே அதில் எழுதுவார்கள். மஞ்சள் பின்னணியில் தடித்த கறுப்பு எழுத்து. மேலே ஊர்ப் பெயர்கள், பெயரைத் தொட்டால் அந்த ஊரார் எழுதியது. அவ்வளவுதான் அந்தப் பக்கம். அதைப் பார்த்துவிட்டுத்தான் நாற்று விடலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று பலர் முடிவு செய்தார்கள். குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள்கூட, வேலை முடிந்து அறைக்கு வந்ததும் தங்கள் ஊர் வாய்க்காலைத் தேடிப் பார்த்துக்கொள்வார்கள்.

அவனுடைய அப்பா வைரக்கண்ணுவுக்கு அதில் பெருமை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் செல்போனில் அந்த மஞ்சளைக் கண்டால் போதும், இது நம்ம பையன் பண்ணினது என்று பேச்சை ஆரம்பித்துவிடுவார்.

சூர்யபிரகாஷுக்கோ அந்த மஞ்சளைப் பார்த்தாலே கூச்சம். படிப்பு முடிந்து சென்னையில் இணையதளங்களை வடிவமைக்கும் நிறுவனத்தில் சில வருடம் இருந்தான். அங்கே ஆட்களைக் குறைத்தபோது ஊருக்குத் திரும்பி, வீட்டிலிருந்தபடியே கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்துகொண்டிருந்தான். அப்போதுதான் பெங்களூர் நிறுவனம் ஒன்று நேர்காணலுக்கு அழைத்தது. நீங்கள் செய்ததில், ஜனங்கள் நிஜமாகவே தினமும் பயன்படுத்துகிற ஒன்றைக் காட்டுங்கள் என்றார்கள். அவனிடம் அப்படி இருந்தது அந்த ஒன்றுதான். அதை அந்தக் கோலத்தில் காட்ட அவனுக்கு மனமில்லை.

ஆகவே மாற்றினான். முகப்பில் கல்லணையின் படம், திரை முழுவதும். வெள்ளையில் மெல்லிய சாம்பல் நிற எழுத்து. ஊர்ப் பெயர்களெல்லாம் மூலையிலிருந்த மூன்று சின்னக் கோடுகளுக்குள் போய்விட்டன. 'உங்களுக்காகப் புதுப்பொலிவுடன்' என்று மேலே எழுதினான். யாருக்காகச் செய்தான் என்பது அவனுக்குத் தெரியும். மேட்டூர் திறந்த அதே வாரத்தில் புதிய பக்கம் வெளிவந்தது.

அன்று மத்தியானத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டது. "கல்லணையை நான் நேர்லயே பாத்திருக்கேன், எங்க வாய்க்காலைக் காட்டுப்பா" என்று ஒருவர் எழுதினார். படம் வருவதற்குள் தண்ணீரே வந்துவிடும் போலிருக்கிறது என்றார் இன்னொருவர். தளத்தை யாருக்காவது விற்றுவிட்டாயா என்று ஒருவர் கேட்டார். ஒருவர் 'பழசு' என்று ஒரே ஒரு வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார். கெட்ட வார்த்தைகளும் வந்தன. அழகாக இருக்கிறது என்று எழுதியது கும்பகோணத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி மட்டும்தான்.

எதை மாற்றினாலும் ஜனங்கள் முதலில் கத்துவார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள் என்று சென்னை அலுவலகத்தில் சொல்வார்கள். அதையே தனக்கும் சொல்லிக்கொண்டான். ஆனால் அங்கே திட்டியவர்கள் முகம் தெரியாதவர்கள். இங்கே திட்டுகிறவர்களில் பாதிப் பேர் கடைத்தெருவில் எதிரே வருகிறவர்கள். வைரக்கண்ணு வரப்பில் நின்று, தோள் துண்டைச் செல்போனுக்குக் குடையாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, வெயிலில் கொஞ்சம் தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார். அப்பாகூட ஒப்புக்குச் சொல்கிறார் என்பது அவனுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக உறைத்தது.

அன்று சாயந்தரம்தான் நெடுமாறன் பிறந்தான்.

பெயரில் ஒரு கனம் இருக்கட்டும் என்று நெடுமாறன். ரயில் ஏறப் போய் வந்த ஊர் என்பதால் பூதலூர். அந்த ஊரில் அந்தப் பெயரில் யாரையும் சூர்யபிரகாஷுக்குத் தெரியாது. 'டெல்டாவுக்கு இப்படி ஒரு தளம் கிடைத்ததற்குப் பெருமைப்பட வேண்டும், இதைச் செய்த இளைஞருக்குத் தலைவணங்குகிறேன்' என்று நெடுமாறன் எழுதினான். அதைப் படித்தபோது, தான் எழுதியது என்று தெரிந்தும், சூர்யபிரகாஷுக்கு இதமாக இருந்தது. அடுத்த நாள் நெடுமாறன் இன்னும் கொஞ்சம் எழுதினான். குறை சொன்னவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கினான்.

பாபநாசத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஈஸ்வரி என்கிற பெண் எழுதியிருந்தாள். புருஷன் குவைத்தில் இருக்க, குத்தகை நிலத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவள். மூன்று நான்கு வருடமாக அவள் ஊர் வாய்க்காலைப் பற்றி எழுதுவது அவள்தான். "பழைய பக்கத்துல எங்க வாய்க்கால் பேரைத் தொட்டா உடனே வரும். இப்ப எங்க தேடுறதுன்னு தெரியல. நாத்து முத்திக்கிட்டு வருது. பழையபடி வச்சிட்டா உதவியா இருக்கும் தம்பி" என்று பணிவாகத்தான் கேட்டிருந்தாள். அதன் கீழே வரிசையாக 'ஆமாம்' 'ஆமாம்' என்று பலர் எழுதினார்கள். திட்டியவர்களைத் திட்டுகிறவர்கள் என்று ஒதுக்கிவிட முடிந்தது. இவளை அப்படி ஒதுக்க முடியவில்லை. அதனாலேயே அவனுக்கு அவள்மேல் கோபம் வந்தது.

நெடுமாறன் பதில் எழுதினான்: "ஒரு போனைப் பாக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்கு விவசாயம்? புருஷன் அனுப்புற காசுல வீட்ல உக்காந்து சீரியல் பாக்க வேண்டியதுதானே?"

புருஷன் வெளிநாட்டில் இருப்பதை அவளே எப்போதோ அந்தத் தளத்தில் எழுதியிருந்தாள், நம்மூர் ஆட்கள்தானே படிக்கிறார்கள் என்று. அதை எடுத்துத்தான் அவன் வீசினான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்களில் ஒருவன் எந்த சீரியல் என்று கேட்டான், இன்னொருவன் அதற்கும் மேலே போனான். தளத்தை நடத்துகிறவன் என்ற முறையில் சூர்யபிரகாஷ் ஒரு தட்டில் எல்லாவற்றையும் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. ஈஸ்வரி அதற்குப் பிறகு எழுதவில்லை.

நேர்காணல் நடந்தது. 'பயன்படுத்துகிறவர்கள் சொல்வது' என்ற தலைப்பின் கீழ், தலைவணங்குகிறேன் என்று நெடுமாறன் எழுதியதைப் படமாக எடுத்துப் போட்டிருந்தான். பெங்களூர் நிறுவனத்தில் அவனைப் பேட்டி கண்ட அம்ருதா, ஒரு விவசாயி இப்படி எழுதுவது சாதாரணமில்லை என்று பாராட்டினாள். வேலை கிடைத்தது. வீட்டில் அந்தப் படத்தை அப்பாவுக்கும் காட்டினான். வைரக்கண்ணு அதை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தார். ஊரே திட்டும்போது உனக்காகப் பேச ஒரு மனுஷன் இருக்கிறாரே என்றார்.

மறுநாள் காலை, கொல்லையில் பழுத்திருந்த பூவன் தாரிலிருந்து நல்ல சீப்பாக இரண்டு அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. உச்சிவெயிலில் திரும்பி வந்தார். குழாயடியில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்து, மகன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அறையின் வாசலில் நின்றார்.

"பூதலூருக்குப் போயிருந்தேன் தம்பி. நெடுமாறனைப் பாத்தேன்."

வைரக்கண்ணு நடந்ததைச் சொன்னார். ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் கேட்டதுமே ஆளைக் காட்டிவிட்டார்கள். நடவு மெஷின்களை வாடகைக்கு விடுகிறவர். அவருடைய மெஷின் பாபநாசம்வரை போகும், அதனால் அந்தப் பக்கமெல்லாம் பெயர் தெரியும். இவர் போய், என் பிள்ளைக்காகப் பேசினீர்கள் என்று அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னாராம். அவர் கையை உருவிக்கொண்டாராம். அந்தத் தளத்தில் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை என்றாராம். பாபநாசம் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையைக் கேவலமாக எழுதினாய் என்று ஆட்கள் போனில் கூப்பிட்டுத் திட்டுகிறார்கள், வருடா வருடம் மெஷின் அனுப்பும் ஊர்களில் இந்தத் தடவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றாராம். அந்தப் பெண்ணுக்கு எழுதியதை யாரோ அவருக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். அதையும் இவரிடம் காட்டியிருக்கிறார்.

"அந்த நெடுமாறன் யாரு?" என்றார் வைரக்கண்ணு.

"தெரியலப்பா. யாரு வேணா எந்தப் பேர்ல வேணா எழுதலாம்."

"வெப்சைட் நடத்துறவனுக்குத் தெரியும்னு அவரு சொன்னாரு. போலீசுல சொல்லப் போறாராம். நான்தான், இருங்க, என் புள்ளைகிட்ட கேட்டுக் கண்டுபுடிச்சுத் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

சூர்யபிரகாஷ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தான்பா" என்றான்.

வைரக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தாளு கையைப் புடிச்சு நன்றி சொன்னேன்டா நான்" என்றார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சூர்யபிரகாஷ் முதலில் எழுதிய அறிவிப்பில், வேறு யாரோ போலிப் பெயரில் நுழைந்துவிட்டதாகவும் தொழில்நுட்பக் கோளாறுக்கு வருந்துவதாகவும் இருந்தது. போடுவதற்கு முன் அதை ஒரு தரம் படித்துப் பார்த்தான். அழித்துவிட்டு, பூதலூர் நெடுமாறன் என்ற பெயரில் எழுதியது நான்தான், ஈஸ்வரி அக்காவை அப்படி எழுதியதும் நான்தான், அந்த ஊரில் இருக்கும் நெடுமாறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதித் தன் பெயரைப் போட்டான். மஞ்சள் பக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தான். பூதலூருக்குக் கூட வருகிறீர்களா என்று அப்பாவைக் கேட்டான். நான் ஒரு தடவை போய்விட்டேன், நீ போய் வா என்றுவிட்டார்.

நெடுமாறன் கொட்டகையில் மெஷினுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். சொன்னதையெல்லாம் கேட்டார், வேலையை நிறுத்தவில்லை. முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்து நீட்டினார்.

"வெப்சைட்டுல போட்டா எனக்கென்ன? வரவேணாம்னு சொன்னவங்களுக்கு என் எதிர்ல போன் போட்டுச் சொல்லு."

ஒவ்வொரு ஊருக்கும் போன் போட்டார்கள். சத்தம் வெளியே கேட்கும்படி வைத்திருந்தார். சூர்யபிரகாஷ் ஒவ்வொருவரிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னான், நான்தான் எழுதினேன், இவர் இல்லை என்று. ஒருவர் சரி என்று வைத்துவிட்டார். ஒருவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். கடைசியாகப் பேசியவர் வயசானவர், அவருக்கு இந்த விவகாரமே பாதிதான் புரிந்தது.

"நீ யாரு மவன்?" என்றார்.

நெடுமாறன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருக்காட்டுப்பள்ளி வைரக்கண்ணு மவன்."

அங்கிருந்து பாபநாசத்துக்குப் போனான். ஈஸ்வரியின் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்று இன்னார் என்று சொன்னதும், கையில் இருந்த நாற்று முடியை நட்டு முடித்துவிட்டு, சேற்றுக் கையோடு வந்தாள். அறிவிப்பைப் படித்துவிட்டதாகச் சொன்னாள். அவன் மன்னிப்புக் கேட்டான்.

"என்னை நீங்க சொன்னது போகட்டும். குவைத்துல அவரு ரூம்ல எல்லாரும் நம்ம பக்கத்து ஆளுங்க. அவங்க படிச்சுட்டு அவரு முன்னாலயே சிரிச்சிருக்காங்க. அவரு யாரையும் கேக்கல, என்னைத்தான் கேட்டாரு. ஊரான் வாயில விழுற மாதிரி உனக்கு அங்க என்ன எழுத்துன்னு. அதுலேருந்து சரியாப் பேசல."

"நான் வேணா அண்ணன்கிட்ட பேசி..."

"வேணாங்க. நீங்க பேசினா, அவன் எதுக்கு உனக்காகப் பேசுறான்னு அதுக்கொண்ணு கேப்பாரு."

நடவாட்கள் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்த விஷயத்தை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை. வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

அறிவிப்பின் கீழே நிறையப் பேர் எழுதினார்கள். பரவாயில்லை தம்பி என்றார்கள், ஒத்துக்கொண்டாயே அதுவே பெரிசு என்றார்கள், மஞ்சள் வந்துவிட்டது, அது போதும் என்றார்கள். மன்னித்தவர்களில் ஒருவரையும் அவன் திட்டியிருக்கவில்லை. சிலர் அன்றைக்கு ஈஸ்வரியைப் பார்த்துச் சிரித்தவர்கள்.

பெங்களூருக்கும் சொன்னான். நேர்காணலில் காட்டிய பாராட்டைத் தானே எழுதியதாக அம்ருதாவிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். எல்லாரும் செய்வதுதான், இதற்கெல்லாமா கூப்பிடுவீர்கள் என்றாள். வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தான். கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

தீபாவளிக்கு முன்னால் அங்கே ஒரு மருந்துக்கடைத் தளத்தைப் புதுப்பித்தார்கள். திறக்கும் நாளில் பக்கம் காலியாக இருக்கக் கூடாது, வாங்கியவர்கள் சொல்வது போல் பத்துப் பதினைந்து கருத்து எழுதிக் கொடு என்று அவனிடம் கேட்டார்கள். முடியாது என்றான். ஏன் என்று கேட்டதற்கு, எனக்கு எழுத வராது என்று மட்டும் சொன்னான். பக்கத்து இருக்கைக்காரர் மத்தியானத்துக்குள் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயரும் ஒரு ஊரும் இருந்தன. சூர்யபிரகாஷ் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தான். பிறகு எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போய், முகம் கழுவிக்கொண்டு அங்கேயே சற்று நேரம் நின்றான்.