வீட்டுப்பாடமாக வந்த கல்

போன மாதம் தங்கை மகள் திவ்யாவைப் பெங்களூரில் ஒரு கல்லூரியில் சேர்த்தோம். அன்றைக்குப் பெற்றோருக்கும் வகுப்பு எடுத்தார்கள், கேளுங்கள் இந்தக் கூத்தை! கோட்டு போட்ட ஒருவர் மேடையேறி, கல்லூரியில் என்னென்ன எதிர்பார்க்க வேண்டும் என்று விளக்கினார். ஒரு மணி நேரம் பாடம் என்றால் வீட்டில் இரண்டு மணி நேரம் படிக்கணுமாம். பாடச்சுமை, பாடச்சுமை என்று அவர் சொன்னதைப் பார்த்தால், அத்தனையையும் அவரே தலையில் தூக்கிவந்து இறக்கியது போலிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தங்கை தொடையில் கிள்ளினாள்.

தட்டில் வைத்திருந்த சமோசாவில் எண்ணெய்க் காறல். அந்த வாடை என்னை நேரே எங்கள் கல்லூரி கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் நான் பி.எஸ்சி. படித்த காலத்தில் வகுப்பைவிடக் கேன்டீனில்தான் அதிகம் இருந்தேன். இங்கிலீஷ் சார் தோன்றினால் வருவார். பிசிக்ஸ் சார் பழுப்பேறிய நோட்டைப் பிரித்து, கமா, புல்ஸ்டாப் உட்படச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதுவோம். எங்களுக்குச் சுமை என்றால் அந்தக் கேன்டீன் பஜ்ஜியைச் செரிக்க வைப்பதுதான்.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒரு மகானுபாவர், ஜியாலஜி சார். வெளியூர்க்காரர். உலகமே வாய் பிளக்கும் ஆழத்துக்குத் தோண்டிய ஊரில் இருந்துகொண்டு, சுரங்கத்துக்குள் இறங்கும் ஒரு ஷாஃப்ட் பக்கம்கூட எட்டிப் பார்த்ததில்லை. பாடம் நடத்தக் கற்கள் வடக்கேயிருந்து மரப்பெட்டியில் ரயில் பார்சலாக வரும். தங்கச் சுரங்கத்தின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு கல்லை விலைக்கு வாங்கிய மேதாவிகள்!

ஒருநாள் அவருக்கு என்ன உற்சாகமோ, ஆளுக்கொரு கல்லைக் கொடுத்து, வீட்டில் வைத்து ஆராய்ந்து எழுதிவரச் சொன்னார். கல் திரும்பி வராவிட்டால் பிராக்டிகல் பரீட்சைக்குக் கையெழுத்து கிடையாது. பிராக்டிகல் போனால் வருஷமே போச்சு. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். இன்னொரு வருஷம் படிக்க வை என்று அப்பாவிடம் எந்த வாயால் கேட்பது? எனக்கு வாய்த்தது பைரைட். தங்கம் என்று சத்தியமே செய்யலாம், அப்படி மின்னும். காலணா பெறாது.

அப்பாவுக்கு நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிறவர்களைக் கையைத் தூக்கச் சொல்லி, உடம்பைத் தடவி, சோற்று டப்பாவைத் தட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். சந்தேகம் என்றால் வீட்டிலும் சோதனை. கல் அகப்பட்டால் வேலை போகும், கூடவே கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். அதனால் எங்கள் லைனில் பிள்ளைகள் கல் வைத்து விளையாடினால்கூட முதுகில் ஒன்று விழும்.

டிபன் டப்பாவைக் கழுவ எடுக்கலாம் என்று அம்மா என் பையைத் திறந்திருக்கிறாள். நான் குழாயடியிலிருந்து வருவதற்குள் கல்லைக் காணோம்.

“கல்லு எங்கம்மா?”

“கத்தாதடி! பக்கத்து வூட்டுக்குக் கேக்கப் போவுது. சைனைடு மேட்டாண்ட வீசிட்டு வந்துட்டேன்.”

“ஐயோ, அது படிக்கறதுக்குக் காலேஜ்ல குடுத்தது!”

“கல்லுல இன்னாடி படிப்பு? உங்கப்பா வேலைக்கு உலை வெக்கற படிப்பா?”

மறுநாள் சாரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “கல்லைப் பார்த்தா இவ்வளவு பயமா? அப்போ ஊரே களவாணிங்கதானா?” என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். வகுப்பும் சிரித்தது. சிரித்ததில் பாதிப் பேரின் அப்பாக்கள் தினமும் கையைத் தூக்கி நின்றவர்கள். அந்த ஈனச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. “கல்லு வந்தாத்தான் கையெழுத்து” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சைனைடு மேடு என்றால், சைனைடு போட்டுத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மலையாகக் குவிந்தது. மாவாக அரைத்த மண். கால் புதையும், காற்றடித்தால் கண் எரியும். சார் சொன்னதைக் கேட்டதும், பட்டப்பகலில் அம்மா முழங்கை வரை அதில் விட்டுத் துழாவினாள். மழை அறுத்த ஒரு பள்ளத்தில் கல் அகப்பட்டது. முந்தானையில் முடிந்துகொண்டு, எதிரே வந்தவர்களிடமெல்லாம் வலியச் சிரித்தபடி வீடு வந்து சேர்ந்தாள். கை இரண்டும் சிவந்து வெடித்திருந்தன.

சார் யாருடனோ பேசிக்கொண்டே கையை நீட்டினார். கல்லைப் பார்க்கக்கூட இல்லை. மரப்பெட்டியில் ஏதோ ஒரு குழியில் போட்டார். அது வேறு கல்லின் குழி. கையெழுத்தைக் கிறுக்கினார். நான் எழுதிப்போன தாள்களைத் தொடவேயில்லை. தூ!

“சார் இன்னா சொன்னாரு?” என்று அம்மா கேட்டாள்.

“பத்திரமா அனுப்புனதுக்கு உனக்குத் தேங்க்ஸ் சொன்னாரும்மா.”

“படிச்சவருல்ல, அதான்” என்றாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் பாஸ் செய்தேன். சுரங்கத்தை மூடினார்கள். கையைத் தூக்கி நின்றவர்களில் பலர் பெங்களூர்க் கட்டட வாசல்களில் காவலாளியின் நீலச் சட்டை போட்டு அடுத்தவர் பையைத் துழாவப் போனார்கள். அப்பாவும் முழங்கால் தேயும்வரை போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை திவ்யா ஊருக்கு வந்திருந்தாள். அம்மாவும் நாங்களும் பழைய சுரங்க வாசல் வழியாக நடந்தோம். காவலுக்கு ஈ காக்கை இல்லை. ஹாஸ்டல் தோழிகளுக்குக் காட்ட வேண்டுமென்று, மின்னிய ஒரு கல்லை எடுத்துத் திவ்யா பையில் போட்டாள். நான் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தேன்.

“அதோ பெருசா ஒண்ணு கீது பாரு, அத்தயும் எத்துக்கோ” என்று அம்மா பையை விரித்துப் பிடித்தாள்.

பழையபடி ஒரு அதட்டலாவது போடும்மா என்று கத்த வேண்டும் போலிருந்தது.