குதிரையம்மா வீட்டு வாசலில் குதிரை

தெருவில் எல்லோரும் அவளைக் குதிரையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாகக் குதிரை வால்முடியைக் கையால் பின்னிக் காப்பும் சாவிக்கொத்து வாரும் செய்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆனால் குதிரை என்றாலே அவளுக்கு உதறல். ஒன்றின் பக்கத்தில்கூட அவள் போனதில்லை என்பது தையற்கடைக்காரரான கணவருக்கும் நாத்தனாருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். முடி பையில் வரும். சோப்புப் போட்டு அலசி, நீளவாரியாகப் பிரித்து, ஈரம் காயும் முன்னே எட்டுப் புரியாகப் பின்னுவாள். மிச்சக் குதிரையைப் பற்றி அவள் விசாரித்ததே இல்லை.

வாய்க்கு மட்டும் குறைச்சல் கிடையாது. சவாரி கற்றுக்கொடுக்கும் வாத்தியார், வெளியூர் போகும் மகளுக்கு ஒரு காப்பு வேண்டும் என்று முடி அனுப்பினார். "இது பிடரி முடி. பஞ்சு மாதிரி இருக்கு, நாலு நாள்ல பிஞ்சிடும்" என்று திருப்பி அனுப்பினாள். இரண்டாம் முறை வால்முடியே வந்தது. "எல்லாம் குட்டை. கோடு ஓட்ட வெள்ளை இழை ஒண்ணுகூட இல்ல. முடி எடுக்கத் தெரியாதவர் குதிரையை எப்படித்தான் கட்டி மேய்க்கிறாரோ!" என்று சொல்லி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் காலை வாசலில் டக்டக்கென்று சத்தம். வாத்தியார் குதிரையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, எனக்குத்தான் தெரியல. வேணுங்கிறதை நீங்களே எடுத்துக்குங்க."

குதிரையம்மா அடுக்களைக்குள் போய், கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடி கழுவ ஆரம்பித்தாள். நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, தெருவே கூடி நிக்குது."

"எனக்குத் தலைவலின்னு சொல்லிடு."

"யார்கிட்ட? வாத்தியார்கிட்டயா, குதிரைகிட்டயா?"

"நான் வேணா கூட வரேன்" என்றார் கணவர், கதவுக்குப் பின்னாலிருந்து.

இதற்குமேல் உள்ளே இருந்தால் மானம் போய்விடும். கத்தரிக்கோலோடு வெளியே வந்தாள். நேராக வாலுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"பின்னாடி வேணாம்மா, பக்கவாட்டுல நில்லுங்க" என்றார் வாத்தியார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு வாலைத் தொட்டாள். வேர்ப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் கைக்கு வந்த முடியெல்லாம் சில்லென்றுதான் இருந்திருக்கிறது. மெல்லக் கண்ணைத் திறந்தாள். கறுப்புக்கு நடுவே முழு நீளத்துக்கு வெள்ளை இழைகள்! அப்புறம் தெருவும் தெரியவில்லை, குதிரையும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து விரலிடுக்கில் சேர்த்து எண்ணிக்கொண்டே போனாள்.

முப்பத்தேழு வந்தபோது குதிரை வாலைத் தூக்கியது. சேர்த்ததெல்லாம் கலைந்தது. அன்று காலைதான் கழுவிவிட்ட படியில் சுடச்சுட லத்தி விழுந்தது.

"அறிவிருக்கா உனக்கு?" என்று அதன் தொடையில் பளாரென்று ஒன்று வைத்தாள். "கொஞ்ச நேரம் அடக்க முடியாதா? இப்ப மறுபடி முதல்லேருந்து எண்ணணும்! ஆடாம நில்லு!"

குதிரை ஒரு காதை மட்டும் அவள் பக்கம் திருப்பி, ஆடாமல் நின்றது.

"என் பேச்சைக்கூட இது இப்படிக் கேட்டதில்லம்மா" என்றார் வாத்தியார்.

வேண்டிய இழைகளை அவள் வெட்டி எடுத்துக்கொண்டாள். படியைக் கழுவும் வேலை, கதவுக்குப் பின்னால் நின்றவர் தலையில் விழுந்தது.

"பயம் போயிடுச்சா அண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார்.

"அது எங்க போகும்? கோவத்துல மறந்துட்டேன்."

காப்பு இரண்டு நாளில் முடிந்தது. கறுப்பைச் சுற்றிச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. வாங்கிப்போக வாத்தியார் வந்தபோது, முதலில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தனியாகத்தான் வந்திருந்தார். நிம்மதியாகக் கதவைத் திறந்தவள், "அது வரலையா?" என்று கேட்டாள். ஏன் கேட்டோம் என்று அவளுக்கே புரியவில்லை.