கொன்கா வென்ற அன்றும் பருப்பு

பேரின்பநாயகம் கூடைப்பந்து பார்க்கத் தொடங்கியது சம்பளத்துக்கு. பலெர்மோ நகரின் பொலிதேயாமாப் பகுதியில் அவர் பராமரித்த கிழவர் கொன்கா அணியின் ஆட்டம் ஒன்றையும் தவறவிடமாட்டார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்து, கிழவரோடு சேர்ந்து திட்டப் பழகினார். கிழவர் போய்ச் சேர்ந்தார். அணி சாகவில்லை. திட்டும் பழக்கமும் சாகவில்லை.

இந்தப் பருவத்தில் திட்டி மாளவில்லை. நடுவில் நிற்கும் நெட்டையன் பந்துக்குத் துள்ளுவதேயில்லை; பஸ்ஸை மறிப்பவன் போலக் கையை உயர்த்திக்கொண்டு நிற்பான். அமெரிக்காவிலிருந்து இறக்கிய ஆட்டக்காரன் எறிந்த பந்து வளையத்தில் பட்டாலே அரங்கம் கைதட்டியது. பயிற்சியாளர் இடைவேளைதோறும் பலகையில் அம்புக்குறி கீறுவார். அந்த அம்புகள் மட்டும்தான் போக வேண்டிய இடத்துக்குப் போயின.

ஞாயிறுகளில் பலெர்மோத் தமிழர் பலரையும் போல அவரும் மலையேறிக் கத்தோலிக்கப் புனிதை சந்தா றொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் போவார். சைவர்தான், அந்த மலையில் யாரும் அதைக் கேட்பதில்லை. மார்கழியில் ஒரு தோல்விக்கு மறுநாள், கொன்கா வெல்லும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாயில் வைப்பதில்லை என்று அங்கே நேர்த்தி வைத்தார். ஒன்றிரண்டு கிழமையில் மீன் சாப்பிட்டுவிடலாம் என்பது அவர் நினைப்பு.

சித்திரை வந்தது. அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது உறுதியாயிற்று. அவருடைய காற்சட்டையும் இடுப்பில் நிற்காமல் இறங்கியது.

"தோற்கிறதுக்கு நேர்ந்திருந்தியள் எண்டால் கிழமைக்குக் கிழமை விருந்தெல்லே," என்றாள் மனைவி நிரோசினி.

கடைசி ஆட்டத்தில் கொன்கா வென்றது. எதிரணி முன்பே முதலிடத்தைப் பிடித்துவிட்டதால் பெரிய ஆட்டக்காரரை இருத்திவிட்டுப் பொடியன்களை இறக்கியிருந்தது. முடிகிற நேரத்தில் அவர்களில் ஒருவன் பந்தைத் தட்டப்போய்த் தங்கள் கூடைக்குள்ளேயே போட்டுவிட்டான். ஒரே புள்ளி வித்தியாசத்தில் கொன்காவுக்கு வெற்றி. நெட்டையன் முழங்காலில் விழுந்து அழுதான். பயிற்சியாளர் அந்தப் பலகைக்கு முத்தம் கொடுத்தார். பேரின்பநாயகம் மட்டும் எழும்பவில்லை.

செய்தி அவருக்கு முன்னே வீட்டுக்குப் போய்விட்டது. போர்கோ வெக்கியோச் சந்தையில் காலையிலேயே நண்டு வாங்கி வைத்திருந்த நிரோசினி அதைக் குழம்பாக்கியிருந்தாள். வாசலிலேயே மணத்தது. அவர் கைகழுவிவிட்டு வந்து, நண்டுச் சட்டியைத் தள்ளிவைத்து, பருப்பை எடுத்தார்.

"வென்றதுதானே?"

"அது வெற்றியில்லை. பிச்சை."

"வெல்ல வேணும் எண்டுதானே நேர்ந்தனீங்கள். வடிவா வெல்ல வேணும் எண்டு சொன்னனீங்களோ?"

"சொல்லேல்லை. மலையிலை இருக்கிற அவவுக்கு அது விளங்கும்."

நிரோசினி அவருக்கென்று வைத்திருந்த பெரிய நண்டை மகள் கேசிகாவின் தட்டில் போட்டாள். கேசிகா தகப்பனைப் பார்த்துக்கொண்டே நண்டுக்காலை உடைத்து உறிஞ்சினாள்.

"அப்ப வாற வருசமும் பருப்புத்தான்," என்றாள் நிரோசினி.

"கீழ்ப் பிரிவிலை இதைவிடக் கேவலமாய் விளையாட ஏலாது."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். கொன்காவால் ஏலும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.