ஆங்கிலப் பரீட்சையில் யாருக்கு எழுதினேன்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, என் முப்பத்திரண்டாவது வயதில் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சை எழுதினேன். மரக்கன்று நட வரும்படி சக மாணவர்களை அழைத்து, காலைக் கூட்டத்தில் பேசுவதற்கு ஒரு சிறு உரை எழுதுக என்று கேட்டிருந்தார்கள். எனக்கு மனப்பாடமாக இருந்தது ஒரே ஒரு கடிதம். தெருவில் சாலை சரியில்லை என்று ஆணையருக்கு எழுதுவது. நேரம் போய்க்கொண்டிருந்தது. 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து, சாலை வருகிற இடத்தில் எல்லாம் மரம் என்று போட்டு, ஆவன செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொண்டு முடித்துவிட்டேன். வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து மதிப்பிற்குரிய ஐயா என்று சொல்லியிருக்கிறேன் என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

நாலு மார்க்கில் போயிற்று. ரிசல்ட் மே மாதம் வந்தது.

எனக்கு ஏன் அந்த வயதில் அந்தப் பரீட்சை என்று சொல்ல வேண்டும். என் கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருந்தார். ஒரு ஆகஸ்ட் மாதம், அலுவலகத்தில் கோப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. கருணை அடிப்படையில் எனக்கும் அதே வேலை கிடைக்கும், பத்தாவது பாஸ் போதும் என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்களில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். நான் பத்தாவது பாஸ் இல்லை.

திருநெல்வேலி டவுணில் எங்கள் வீடு படித்தவர்கள் வீடு. என் அண்ணன்மார் இரண்டு பேரும் இன்ஜினியர்கள். பெண் பார்க்க வந்தபோது அம்மா, "பத்தாவது படிச்சிருக்கா" என்றாள். படித்தது உண்மை. இங்கிலீஷில் போனதை அவள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து என் கணவரிடம் நானே சொன்னேன். அவர் சிரித்தார். "ஆபீஸ்ல பத்தாவதுன்னு எழுதிட்டேனே" என்றார். அதோடு விட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்கு வருகிற எந்தப் படிவத்தையும் அவர்தான் நிரப்புவார். நான் கையெழுத்துப் போடுவேன்.

அவர் போன பிறகு மகளோடு அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டேன். முதல் வருஷம் எனக்கு எதுவும் ஓடவில்லை. இரண்டாவது வருஷம் முழுக்க, மார்க் ஷீட் எங்கேயோ வைத்துவிட்டேன், தேடுகிறேன் என்று அலுவலகத்தில் பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் இறந்து மூன்று வருஷம் முடிவதற்குள் தகுதியோடு விண்ணப்பம் வர வேண்டும் என்று அங்கே கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான், கீழ ரத வீதிப் பக்கம் மாடியில் இருந்த ஒரு டுடோரியலில் சேர்ந்தேன். அங்கே வாத்தியார் ஐந்து கடிதம் எழுதிப் போடுவார். அதில் ஒன்று கட்டாயம் வரும் என்பார். என்னால் ஒன்றுதான் மனப்பாடம் செய்ய முடிந்தது. அந்த ஒன்றும் வரவில்லை.

தோற்ற மறுநாள் நாலு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினேன், தமிழில். அவர் இறந்த நாளில் இருந்து ஆரம்பித்து, குழந்தை காய்ச்சலில் கிடந்தது, அண்ணிமார் முகம் மாறியது, நான் தூங்காதது, எல்லாவற்றையும் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். அங்கே கண்காணிப்பாளர் ஒரு அம்மா. ஓய்வு பெற ஒரு வருஷமோ என்னவோ இருந்தது அவருக்கு. என் கணவர் மேல் மரியாதை உள்ளவர். மனுவை வாங்கி ஒன்றரைப் பக்கம் படித்தார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நீங்க என்ன கேக்குதீங்கன்னு எங்கயுமே இல்லையேம்மா."

"கொஞ்சம் டயம் நீட்டிக் கொடுக்கணும்."

"அத எழுதலையே. எழுதியிருந்தாலும் அதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. எங்க அனுப்புனாலும் படிக்கதுக்கு முன்னால ஓரமா வச்சிருவாங்க." மனுவை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "எட்டாவது சர்ட்டிபிகேட் இருக்குல்லா. ஆபீஸ் உதவியாளர் வேலைக்குப் போடுங்க. ஆனா அதுக்குப் போட்டாச்சுன்னா அதுதான். பொறவு மாத்தச் சொல்லிக் கேக்க முடியாது" என்றார்.

அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் கணவர் உட்கார்ந்து எழுதின மேஜையை நான் அங்கே நின்றபடியே பார்த்தேன். வேறு ஒருவர் அதில் இருந்தார். அந்த மேஜைக்கு நான் டீ கொண்டு வைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். "ஜூலைல மறுபடி எழுதிட்டுச் சொல்லுதேன்மா" என்றேன். வீம்புதான். வேறு பேர் வைக்க முடியாது.

திரும்பும்போது கொக்கிரகுளத்தில் இறங்கி, ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்தேன். தண்ணீர் குறைவு. பாறைக்கு நடுவே யாரோ விட்டுப்போன துணிகள் சிக்கிக் கிடந்தன. ஜூலையிலும் தோற்றால் ஆகஸ்டில் எல்லாம் முடிந்துவிடும். எட்டாவதை வைத்துக் கேட்கவும் நாள் இருக்காது. அண்ணன் வீட்டு மாடி அறையில் ஆயுசு முழுக்க இருக்க வேண்டும். நான் இல்லாவிட்டால் மகளை அவர்களே நன்றாகப் படிக்க வைப்பார்களோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. கோடை விடுமுறை ஓவிய வகுப்பில் விட்டிருந்த மகளைக் கூட்டிவர வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டிருந்தார்கள். வாட்ச்மேன் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

டுடோரியலில் எனக்குப் பின் பெஞ்சில் ஒருவர் உட்காருவார். சீவலப்பேரிக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு சொல்லுகிறவர். ரேஷன் கடையில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் பத்தாவது வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார். அவரும் மே மாதம் தோற்றவர்தான். நான் மரத்தைப் பற்றி எழுதினதை அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அக்கா, நான் காலையில இறப்புச் செய்தி சொல்லுதேன், மத்தியானம் ஜவுளிக்கடைக்குச் சொல்லுதேன், சாயங்காலம் கோயில் கொடைக்குச் சொல்லுதேன். மைக்கு ஒண்ணுதான். சாவுக்குச் சொல்லுத மாதிரி சேலைக்குச் சொன்னா எவ வருவா?"

"அது தமிழு. உங்களுக்கு வரும்."

"தமிழோ இங்கிலீஷோ, எதுக்க நிக்கது யாருன்னு தெரியணும்லா. சாவுக்குன்னா பேரு, தெரு, எத்தன மணிக்கு எடுக்காங்க. அவ்வளவுதான். வாசல்ல நின்னு கேக்குதவங்களுக்குப் பத்து செகண்டுதான், வண்டி போயிரும். சேலைக்குன்னா மொதல்ல பொம்பளையளக் கூப்பிடணும், பொறவுதான் கடை பேரு. நீங்க எதுக்க நிக்கது யாருன்னே பாக்காம எல்லாருக்கும் கும்பிடு போடுதிய."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று வீட்டுக்குப் போய் அந்த நாலு பக்க மனுவை எடுத்துப் பார்த்தேன். கும்பிடு, கும்பிடு, கும்பிடு. அந்த அம்மாவுக்கு என்ன தெரிய வேண்டுமோ அது அதில் இல்லை. நான் சொல்ல ஆசைப்பட்டது மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் இரண்டு பேரும் அங்கேயே இருந்து எழுதினோம். ஒரே விஷயம், ஆற்றில் பழைய துணி போடாதீர்கள் என்பது. அதை அவர் சொல்கிற ஆட்களுக்குத் தக்கபடி நான் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். கலெக்டருக்கு, பக்கத்து வீட்டு மதினிக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, படித்துறைச் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸுக்கு. முதலில் தமிழில் சொல்லுவேன். பிறகு சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக ஆக்குவேன். ஸ்பெல்லிங் எனக்கு ஓரளவு நிற்கும். அவருக்கு நிற்காது. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும், அதற்கான சொல்தான் கிடைக்காது. "பொறுங்க, பொறுங்க" என்று நெற்றியைத் தட்டிக்கொள்வார். நான் சொல்லை எடுத்துக் கொடுப்பேன். மறுநாள் கேட்டால் மறந்திருப்பார்.

எனக்கு ஒன்றும் திடீரென்று வந்துவிடவில்லை. கலெக்டருக்கு எழுதினால் மட்டும் சரியாக வரும். மற்ற எல்லாரையும் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். பிள்ளைகளையும் கெஞ்சினேன். "ஏன்க்கா அழுதுக்கிட்டே சொல்லுதிய?" என்று ஒரு நாள் கேட்டார். மூன்று வருஷமாக நான் எல்லாரிடமும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஜூலைப் பரீட்சையில் கேட்டது இது: உங்கள் தம்பி விடுதியில் தங்கிப் படிக்கிறான், எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறான், அவன் மனம் மாறும்படி ஒரு கடிதம் எழுதுக. என் கை தானாக 'ரெஸ்பெக்டட்' என்பதன் முதல் எழுத்தைப் போட்டுவிட்டது. அதை அடித்தேன். எனக்குத் தம்பி இல்லை. டுடோரியல் பின் பெஞ்சை நினைத்துக்கொண்டேன். நான் உன்னைத் திட்டப் போவதில்லை என்று எழுதினேன். சாப்பிடும்போது போனை அடுத்த அறையில் வை, ஒரு வாரம் செய்து பார், அதற்குப் பிறகு எனக்கு எழுது என்று எழுதினேன். எங்கேயும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளவில்லை. இலக்கணத்தில் எத்தனை தப்பு என்று தெரியாது.

ரிசல்ட் வர ஆகஸ்ட் பிறந்துவிட்டது. அந்த வாரங்களில் நான் சாப்பிட்டது நினைவில் இல்லை. முப்பத்தெட்டு வாங்கியிருந்தேன். முப்பத்தைந்து போதும். பின் பெஞ்சுக்காரருக்கு முப்பத்தொன்று.

தற்காலிகச் சான்றிதழோடு மறுநாளே அலுவலகம் போனேன். இந்தத் தடவை விண்ணப்பத்தோடு வைத்த கடிதம் ஆறே வரி. கணவர் பெயர், பதவி, இறந்த தேதி, என் தகுதி, கேட்கிற வேலை, இணைப்புகள். அந்த அம்மா நின்றபடியே படித்து முடித்து சீல் வைத்தார். "பட்டியல் பெருசும்மா. எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். எனக்கு இன்னும் வரவில்லை. நான் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறேன்.

அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பம் போடச் சொல்லி பின் பெஞ்சுக்காரருக்கு போன் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொண்டுதான் பேசினேன். கெஞ்சவில்லை, புத்தியும் சொல்லவில்லை. நாலு மார்க்கில் நானும் ஒரு தடவை போனவள், தினமும் அரை மணி நேரம் இருந்தால் போதும், நான் வருகிறேன் என்றேன்.

பின்னால் ஆட்டோ ஓடுகிற சத்தம் இருந்தது.

"நல்லாச் சொல்லுதியக்கா" என்றார். "ஆனா எனக்கு அந்தச் சொல்லு நிக்க மாட்டேங்கு. போதும்க்கா."

அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை.