ஜீரோ காட்டிய திரை

நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால், என் அம்மா "கம்ப்யூட்டர்ல பூச்சி புடிக்கா" என்பாள். சர்ச்சில் இதைச் சொல்லிச் சொல்லியே அங்கே எனக்குப் பூச்சி புடிக்கிற பிள்ளை என்று பெயர் நிலைத்துவிட்டது. நிரலில் வரும் பிழையை ஆங்கிலத்தில் பூச்சி, 'பக்' என்றுதான் சொல்வார்கள், அதனால் முழுக்கத் தவறு என்று சொல்லவும் முடியாது. கம்ப்யூட்டரோ செல்போனோ எதுவானாலும் அதன் அடியில் கெர்னல் என்று ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும். மற்றதெல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போவதைப் பார்த்துக்கொள்ளும் பகுதி ஒன்று அதில் உண்டு. அந்தப் பகுதியில் வரும் பிழைகளைத் தேடித் திருத்துகிறேன். திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் எங்கள் வாடகை வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, முகம் பார்த்திராத மனிதர்களோடு மின்னஞ்சலில் சண்டை போட்டுக்கொண்டு இதைச் செய்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிழை என்று யார் வந்தாலும் முதல் கேள்வி, "மறுபடி நடத்திக் காட்ட முடியுமா?" என்பதுதான். காட்டினால் அது பிழை. காட்ட முடியாவிட்டால் வந்தவர் ஏதோ தப்பாகப் பார்த்திருக்கிறார் என்று கதவைச் சாத்திவிடுவோம். எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். வாய்ப்பேச்சை நம்பாத குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, அதற்காக வீட்டில் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் தம்பி துணிக்குச் சாயம் ஏற்றும் டையிங் யூனிட்டில் ஆபரேட்டராக இருந்தான். தூத்துக்குடிப் பக்கமிருந்து அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனி வேலைக்கு இங்கே வந்தபோது அவன் கைக்குழந்தை. படிப்பு ஏறவில்லை. சாயத்தில் நல்ல கண் இருந்தது. அந்த யூனிட்டில் ஆள் உயரத்துக்கு மேல் பெரிய இரும்பு உருளைகள் வரிசையாக நிற்கும். மெஷின் என்றுதான் சொல்வார்கள். உள்ளே துணியும் சாயமும் கொதிக்கும்போது மூடி இறுகியிருக்கும். அழுத்தம் முழுவதும் இறங்கி ஜீரோவுக்கு வந்தபிறகுதான் அதைத் திறக்க வேண்டும்.

மெஷினிலேயே அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்று இருந்தது. அதன் முள் அசைந்து யாரும் பார்த்ததில்லை. அழுத்தம் இருந்தால் மூடியைத் திறக்க விடாத பூட்டு ஒன்றும் இருந்தது. அடிக்கடி மக்கர் பண்ணுகிறது என்று அது பூட்டாதபடி பைபாஸ் செய்து வைத்திருந்தார்கள். ஆகவே எல்லோரும் நம்பியது ஆபரேட்டர் உட்காரும் கண்ணாடி அறைக்குள் இருந்த கம்ப்யூட்டர் திரையைத்தான். மெஷின் பக்கத்துச் சுவரில் சின்னப் பெட்டி ஒன்று சூட்டையும் அழுத்தத்தையும் அளந்து வயர் வழியாக அந்தத் திரைக்கு அனுப்பும். முன்பு என்ன காட்டியது என்று சேமித்து வைக்கிற வசதி எதுவும் அதில் இல்லை.

மூடி திறப்பது ஹெல்பரின் வேலை. தம்பியோடு இருந்தவன் பீகார்க்காரன், இவனைவிட மூத்தவன், ஆனாலும் இவனை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவான். மெஷின் அருகே நின்று "அண்ணா, ஓப்பன்?" என்று கத்துவான். தம்பி திரையைப் பார்த்துவிட்டு அறைக்குள்ளிருந்து "ஓப்பன்!" என்று பதில் கத்துவான். ஆவியில் ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. நிறம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டு வெட்டி எடுப்பதற்காக அன்றைக்கும் அவன் கேட்டான், இவனும் பதில் சொன்னான். மூடி தெறித்துக்கொண்டு திறந்தது. கொதிக்கிற சாயத்தண்ணீர் அவன் முகத்திலும் மார்பிலும் அடித்தது.

உயிர் தப்பினான். ஒரு கண் போய்விட்டது. ஊரிலிருந்து அவனுடைய அண்ணன் வந்து, முகக் கட்டோடு ரயிலேற்றிக் கூட்டிப்போனார். ஆபரேட்டர் திரையைப் பார்க்காமலே வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான் என்று யூனிட்டில் முடிவு கட்டினார்கள். ஓடிவந்தவர்கள் பார்த்தபோது திரையில் ஜீரோதான் இருந்தது. திறந்து கிடக்கிற மெஷினில் ஜீரோ இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று மேனேஜர் கேட்டாராம். அத்தோடு தம்பிக்கு வேலை போனது. பல்லடம் ரோட்டிலுள்ள மற்ற யூனிட்டுகளிலும், "ஓ, அந்தப் பையனா?" என்று திருப்பி அனுப்பினார்கள்.

"நா பாத்தேம்க்கா. ஜீரோன்னுதாம் இருந்துச்சு. பாத்துட்டுத்தாம் சொன்னேம்" என்று வேலை போய் வீட்டுக்கு வந்த முதல் நாள் சொன்னான். அதையே தினமும் சொன்னான். பிறகு சொல்வது குறைந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான். "பிள்ளை இப்படி ஒண்ணும் திங்காம கெடக்கானே, நீயாவது என்னன்னு கேளேம்ட்டி" என்று அம்மா என் உயிரை எடுத்தாள். கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமல், "பாத்தேனா இல்லியான்னே இப்பம் தெரியலக்கா" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. ஊர் சொன்னதை அவனும் நம்பத் தொடங்கிவிட்டான். அந்தத் திரை பொய் சொல்லியிருக்க முடியுமா, முடியாதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். முடியாது என்றால் தம்பி வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்க வேண்டியதுதான். முடியும் என்றால் அவன் பழையபடி சாப்பிடுவான், பேசுவான், தலை நிமிர்ந்து வெளியே போவான் என்று நினைத்தேன்.

அந்தப் பெட்டிக்குள் ஓடுவதும் நான் வேலை செய்கிற அதே கெர்னல்தான். மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் அதைத்தான் போட்டுவிடுகிறார்கள். நிரல் எல்லோருக்கும் பொதுவானது, யாரும் எடுத்து வாசிக்கலாம். வாசித்தேன். பெட்டியின் வயர் சொருகும் முனையை இயக்குகிற டிரைவர் நிரலை வரிவரியாக வாசித்தேன். அழகான நிரல் இல்லை, ஆனால் கையும் களவுமாகப் பிடிபடும் தவறும் கண்ணில் படவில்லை. அதே மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்து இரவு பகலாக ஓடவிட்டேன். அது அரிச்சந்திரன் மாதிரி ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஓடியது. எனக்கு வந்த எரிச்சலில் அம்மாவிடமும் தம்பியிடமும் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் யூனிட்டின் எலெக்ட்ரீஷியனைப் பிடித்தேன். வயதான மனிதர், தம்பிமேல் பிரியமுள்ளவர். மேனேஜர் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து என்னை உள்ளே கூட்டிப்போனார். "வெரசாப் பாத்துட்டு வந்துருங்க கண்ணு. ஆராச்சும் கேட்டா எங்கூட்டுப் புள்ளைன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

மெஷின் சூடும் சாய வாடையும் ஈரத்தரையும் தவிர அங்கே நான் பார்க்க நினைத்தது எதுவும் இல்லை. பெட்டி இருந்த சுவருக்கு அந்தப்பக்கம் துணி பின்னுகிற நிட்டிங் ஷெட். அங்கேயிருந்து பஞ்சு பறந்து வந்து எல்லாவற்றின் மீதும் படிந்திருந்தது. பெட்டியில் வயர் சொருகியிருந்த முனையில் கொக்கி உடைந்திருந்தது. திருப்பூரில் எது உடைந்தாலும் செய்வதைத்தான் அங்கும் செய்திருந்தார்கள்: பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். அப்போது ஒரு ஆள் ஏர் ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தான். காற்றழுத்தத்தில் பஞ்சை ஊதித் தள்ளுவதற்கு. மெஷின்மீது அடித்தான், சுவரில் அடித்தான், பிறகு குழாயைப் பெட்டியின் பக்கம் திருப்பி அடித்தான். பஞ்சு பறந்தது. வயர் முனையில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு ஒரு கணம் அணைந்து மறுபடி எரிந்தது.

எலெக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினேன். "எப்பவும் இப்படித்தான் அடிப்பாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. அடிக்காட்டிப் பஞ்சு ஏறிப் பொட்டி சூடாகிப் போயிருமுங்க. இங்க எல்லாத்துக்கும் ஏர் அடிக்கறதுதானுங்களே வைத்தியம்" என்றார்.

என் மேசையில் பெட்டிக்கு யாரும் ஏர் அடிக்கவில்லை. உலகத்தில் இந்தக் கெர்னலை எழுதுகிற யாருடைய மேசையிலும் அடித்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து வயரைப் பாதி உருவிச் சட்டென்று திரும்பச் சொருகினேன். சில முறை ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஆனது, பெட்டி பொய் சொன்னது.

அனுப்ப வேண்டிய தகவல்களை வைப்பதற்கு டிரைவரில் வட்டமாக அறைகள் இருக்கின்றன. கெர்னல் ஒவ்வொரு அறையாக நிரப்பிக்கொண்டே போகும். வயர் முனையிலுள்ள சிப் என்கிற சில்லு பின்னாலேயே வந்து எடுத்து அனுப்பும். இணைப்பு அறுந்து ஒட்டினால் இரண்டும் முதல் அறைக்குத் திரும்பிச் சேர்ந்து தொடங்க வேண்டும். மிகச் சீக்கிரம் அறுந்து ஒட்டினால் அந்த டிரைவரில் ஒன்று திரும்பிவிடும், மற்றது நின்ற இடத்திலேயே நிற்கும். அதன்பிறகு கெர்னல் புதிதாக ஒன்றை வைக்கும்போதெல்லாம் சில்லு ஏற்கெனவே அனுப்பிய பழையது ஒன்றை எடுத்து அனுப்பும். அறைகள் நிறைய, அளவுகள் நிதானமாக வருபவை. ஆகவே திரைக்குப் போவது வெகுநேரத்துக்கு முந்தைய அளவு. மெஷின் கொதித்துக்கொண்டிருக்கும்போது, துணி ஏற்றுவதற்காக மூடி திறந்திருந்த நேரத்து ஜீரோ போகும். எண் உறைந்தும் நிற்காது. சூடு லேசாக ஏறி இறங்கி அசைந்துகொண்டே இருக்கும். யார் பார்த்தாலும் நம்புவார்கள்.

திருத்தம் சில வரிகள்தான். எழுதி அனுப்பினேன். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டுக்காரர், வயர் இப்படி அறுந்து ஒட்டுகிற நிலைமை எங்கே வரும் என்று கேட்டார். பஞ்சு, காற்றுக்குழாய், உடைந்த கொக்கி என்று விளக்கினேன். ஒரு மனிதனுக்குக் கண் போனதையும் எழுதினேன், பிறகு அந்த வரியை அழித்துவிட்டேன். அவர் நன்றி சொல்லித் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார்.

அன்று எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் தம்பியை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மேசையில் பெட்டி, அழுத்தத்துக்குப் பதிலாகத் திருகுகிற ஒரு குமிழ், திரைக்குப் பதிலாக என் லேப்டாப். முதலில் ஜீரோவில் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். பிறகு குமிழைத் திருகினேன். எண் ஏறியது. வயரைப் பாதி உருவிச் சொருகினேன், இரண்டு முறை, மூன்று முறை. திரையில் எண் ஜீரோவுக்குப் போய் உட்கார்ந்தது. குமிழ் திருகியபடியே இருந்தது.

"இதாம்லே நீ பாத்தது. நீ சரியாத்தாம் பாத்திருக்க. பொய் சொன்னது அந்தப் பெட்டி" என்றேன்.

அவன் திரையைக் குனிந்து பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் முகம் தெளிவதைப் பார்த்தேன். "ஜீரோ" என்றான். "ஆமாக்கா. இப்படித்தாம் இருந்துச்சு." அப்புறம் வயரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இத யாரு உருவுனா அங்க?"

"யாரும் உருவல. கொக்கி உடைஞ்சு கெடக்குல்லா. ஏர் அடிச்சா ஆடி, அறுந்து ஒட்டுது."

"ஏர் அடிச்சா வருமா?"

"வரும்."

வயரை மேசைமேல் வைத்தான். முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே போய்விட்டது.

"அன்னைக்கு மூடி தெறக்கதுக்கு முன்னால பெட்டியில பஞ்சு அப்பிக் கெடந்துச்சு" என்றான். "போய் ஏர் அடிச்சு விடுன்னு நாந்தாம்க்கா அவன்ட்ட சொன்னேம். சரிண்ணான்னு அடிச்சாம். அடிச்சுட்டு வந்துதாம் ஓப்பனான்னு கேட்டாம்."

அது உன் தப்பில்லை, டிரைவர் எழுதியவன் தப்பு, பூட்டை பைபாஸ் செய்தவன் தப்பு, ஏர் அடிக்கச் சொல்வது எல்லோரும் செய்வதுதானே என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மை. அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். அன்றிலிருந்து "பாத்தேனா இல்லியா தெரியல" என்று அவன் சொல்வதில்லை. அந்தச் சந்தேகத்தில் அவனுக்கு ஒதுங்கி நிற்க ஒரு மூலை இருந்திருக்கிறது, அது எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த ஹெல்பரின் பீகார் நம்பருக்கு அவ்வப்போது போன் போடுகிறான், சுவிட்ச் ஆஃப் என்றே வருகிறது. கீழே அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள், அவன் எழுந்து போவதில்லை. எதையும் மறுபடி நடத்திக் காட்டினால்தான் நம்புவேன் என்று இருந்தவள் நான். அவன் கண்ணுக்கு முன்னால், அவனுக்காகவே, அதை மறுபடி நடத்திக் காட்டிவிட்டேன்.