திரும்பிப் பார்க்காத ஐநூறு மீட்டர்

எதையும் என் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். பஸ் வந்துவிட்டது என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னாலும், எட்டி நம்பரைப் படித்த பிறகுதான் பையைத் தோளில் மாட்டுவேன். இப்படிப்பட்டவள் போயும் போயும் துடுப்புப் படகில் சேர்ந்தேன். அதில் உட்காருகிறவர்களுக்குப் போகும் திசை முதுகுப் பக்கம் இருக்கும்.

ஏஷியாட் முடிந்த மறுவருஷம் அது. டெல்லிக்கே விளையாட்டுக் கிறுக்குப் பிடித்திருந்தது. ஓக்லா அணைக்கு மேலே யமுனைக் கரையில் இருந்த ஒரு கிளப், பெண்களுக்கும் பயிற்சி என்று அறிவித்தது. நான் அப்போது ஓர் அமைச்சகத்தில் ஸ்டெனோ. நாளெல்லாம் அடுத்தவர் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, தட்டச்சில் அடித்து, அவர்கள் கையெழுத்துக்கு நீட்டுவதுதான் வேலை. எனக்கே எனக்கென்று ஒன்று வேண்டியிருந்தது. பேர் கொடுத்துவிட்டேன்.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணி திருநெல்வேலிப் பேச்சை யமுனைக் கரையிலும் விட்டுக்கொடுக்காதவள். "என்னட்டி இது, பின்னால பாத்துக்கிட்டே முன்னால போவீங்களோ? நல்லா இருக்கே வெளையாட்டு!" என்று சிரித்தாள்.

படகில் நாங்கள் நான்கு பேர், ஆளுக்கொரு துடுப்பு. ஐந்தாவதாகக் காக்ஸ் உண்டு. படகின் பின்முனையில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, சுக்கான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவள். போகிற வழி அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எங்கள் காக்ஸ் ஆர்.கே.புரத்துத் தமிழ்ப் பெண், கல்லூரி மாணவி, டெல்லியிலேயே பிறந்தவள். ஆள் சுண்டைக்காய் அளவு. தொண்டை மட்டும் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கேட்கும். கரையில் நான் அவளுக்கு அக்கா. படகில் ஏறிவிட்டால் அதட்டல்தான்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சோதனை ஓட்டம் வைத்தார்கள். பாதி தூரத்தில் அவள், "நாமதான் ஆகே! நாமதான் முன்னாடி!" என்று கத்தினாள். எவ்வளவு முன்னாடி என்று பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. கழுத்தைத் திருப்பினேன். துடுப்பின் அலகு கோணலாகத் தண்ணீருக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது, கைப்பிடி என் வயிற்றில் இடித்தது, படகு ஒரு பக்கம் சாய்ந்து நின்றேவிட்டது. கடைசியாக வந்து சேர்ந்தோம்.

கிளப் செயலாளர் கண்டிப்பான அம்மாள். கரையில் நின்ற உபரிப் பெண்ணைக் காட்டி, பந்தயத்தில் இன்னொரு தரம் திரும்பினால் உன் இடம் இவளுக்கு என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் என்னைவிட ஒரு சாண் உயரம். அன்றிலிருந்து ஒரு பயிற்சி விடாமல் தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு தயாராக வந்து நிற்பாள். அவளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படகில் எனக்கென்று இருந்த மூன்றாம் இருக்கையை விட்டுக்கொடுப்பதற்கு வேலையையே விட்டுவிடலாம் என்றுகூட ஒரு ராத்திரி நினைத்தேன்.

பந்தயம் பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில். அண்ணனும் அண்ணியும் ஸ்கூட்டரில் வந்தார்கள், ஃப்ளாஸ்கில் காபியோடு. படகில் ஏறுவதற்கு முன் எங்கள் காக்ஸ் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, தான் இந்தி வழக்கப்படி 'பாபி' என்று கூப்பிடும் அண்ணியிடம் கொடுத்தாள். "நீ என்ன துடுப்பா போடப் போறே?" என்று கேட்டேன். "சும்மா, அக்கா" என்றாள். எனக்கிருந்த படபடப்பில் அதற்குமேல் கேட்கவில்லை.

நான்கு படகுகள். எங்களுக்கு ஒரு பக்கம் ஒரு கல்லூரி அணி. அவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம் ஒரு வங்கி ஊழியர் அணி. அதையும் தாண்டிக் கரையோரமாக நான்காவது படகு. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பஞ்சாபி நர்ஸின் பின்னலில் ஒரு சிவப்பு ரிப்பன் இருந்தது. அதைத் தவிர எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

கொடி இறங்கியது. முதல் இருபது துடுப்புக்கு யார் எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. பிறகு கடைக்கண்ணில் வங்கிப் படகு பின்வாங்கியது. இந்த விளையாட்டில் ஒரு விசேஷம் உண்டு. நம்மை முந்துகிறவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். நாம் முந்தியவர்கள்தான் ஒவ்வொருவராகக் கண்ணெதிரே வருவார்கள். சிறிது நேரத்தில் இன்னொரு பக்கம் கல்லூரி அணியின் காக்ஸ் தெரிந்தாள். அப்புறம் அவர்களுடைய முதல் ஆள். அப்புறம் இரண்டாவது ஆள், வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்ல!

"கரையோரப் படகு இன்னும் முன்னாடி இருக்கு!" என்று கத்தினாள் எங்கள் காக்ஸ். "ஆதா லென்த்! ஜோர் லகாவ்! இழுங்க!"

அரைப் படகு நீளம்தானா? நிஜமாகவா? கழுத்து நரம்பு துடித்தது. தலை தானாகவே திரும்பப் பார்த்தது. அவள் அதைக் கண்டுவிட்டாள். "அக்கா, என்னையே பாருங்க!" என்றாள். ரிப்பனை விட்டு அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் பயமே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தது. கல்லூரி அணியின் கடைசி ஆளும் என் கண்ணெதிரே வந்து, விட்டுக்கொடுக்காமல் துரத்திக்கொண்டே வந்தாள். எல்லைக் கோட்டில் சங்கு ஊதியதும் நால்வரும் துடுப்பின் மேலேயே கவிழ்ந்தோம்.

"ரெண்டாவதா?" என்று கேட்டேன். காக்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குள் ஒலிபெருக்கியில் எங்கள் கிளப் பெயரைச் சொல்லி, முதலிடம் என்றார்கள்.

"அப்ப கரையோரப் படகு?"

அவள் எங்களுக்கு எதிரே, தனக்குப் பின்னால், கையைக் காட்டினாள். தூரத்தில், புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, பச்சைப் பசேலென்ற ஆகாயத்தாமரைக்குள் ஒரு படகு சிக்கிக் கிடந்தது. அதில் இருந்தவர்கள் செடியைக் கையால் பிய்த்துப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தார்கள். இவ்வளவு நேரமும் வங்கிப் படகு அதை எங்கள் கண்ணுக்கு மறைத்திருந்தது.

"ஸ்டார்ட்லயே மாட்டிக்கிட்டாங்க" என்றாள். "நாம ஃபர்ஸ்ட்னு சொன்னா நீங்க பாப்பீங்க. போன தடவை பாத்தீங்கள்ல?"

ஆக, இல்லாத ஒரு படகை நான்கு பேரும் உயிரைக் கொடுத்துத் துரத்தியிருக்கிறோம். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களைத்தான் இப்படி ஏமாற்ற முடியும். "ஜூட்டி! பொய்க்காரி!" என்று நர்ஸ் அவள் மேல் தண்ணீரை வாரி இறைத்தாள். கல்லூரி அணி எங்களுக்கு ஓர் ஆள் நீளம்தான் பின்னால். கொஞ்சம் அசந்திருந்தாலும் போயிருக்கும்.

கரை ஏறியதும், ஜெயித்தவர்கள் தங்கள் காக்ஸைத் தூக்கித் தண்ணீரில் போடவேண்டும் என்பது கிளப் வழக்கம். ஆளுக்கொரு கை, காலைப் பிடித்தோம். எனக்கு இடது கால் கிடைத்தது. வீசினோம். மார்பளவு தண்ணீரில் எழுந்து நின்று யமுனையைத் துப்பினாள். செயலாளர் அம்மாள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அடுத்த பந்தயத்துக்கும் இதே ஐந்து பேர் என்று எழுதிக்கொண்டார். உபரிப் பெண் வந்து என் கையைக் குலுக்கினாள். நானும் நன்றாகவே குலுக்கினேன்.

அண்ணி துண்டோடு வந்தாள். அவள் கையில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன.

"இந்தப் புள்ள சரியான ஆளுட்டி" என்றாள். "வாட்சக் கழட்டித் தந்ததும் எதுக்குன்னு கேட்டேன். 'இன்னிக்கு என்னைத் தண்ணில போடுவாங்க பாபி, அக்கா திரும்பமாட்டாங்க'ன்னு சொல்லிச்சு."

தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் கரையேறிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க ஓவென்று அழுதேன்.